மீந்த மாத்திரை தர்மம் ஆகாது

 

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை நம் டிரஸ்ட் அலுவலக வாசலில் ஒரு பெட்டி இருந்தது. 'வீட்டில் மீந்த மருந்துகளை இதில் போடுங்கள். ஏழைகளுக்கு உதவும்' என்று எழுதி ஒட்டியவன் நான்தான். வாரம் ஒருமுறை திறந்து, காலாவதி ஆனதை நீக்கிவிட்டு, மற்றவற்றை அலமாரியில் அடுக்கி வைப்பேன். மருந்து வாங்க வழியில்லாமல் வருகிறவர்களுக்கு அதிலிருந்து கொடுப்பேன். நல்ல காரியம் என்றே நினைத்திருந்தேன்.

ஒரு நாள், நம்மிடம் மாத உதவித்தொகை பெறும் ஒரு சகோதரி இருமலோடு வந்தார். "நாலு நாளா தொண்டை வலி அண்ணே, டாக்டர்கிட்ட போனா ஒரு நாள் கூலி போயிடும்" என்றார். அலமாரியில் யாரோ மீதம் வைத்த அமாக்ஸிசிலின் கேப்ஸ்யூல்கள் ஆறு இருந்தன. எங்கள் வீட்டில் பிள்ளைக்குத் தொண்டை வலி வந்தபோது டாக்டர் எழுதியது அதே மருந்துதான். கொடுத்து அனுப்பினேன்.

ஒரு மணி நேரத்தில் அவர் மகன் ஓடி வந்தான். உம்மாவுக்கு முகம் வீங்கிவிட்டது, மூச்சு விட முடியவில்லை என்றான். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள், அல்ஹம்துலில்லாஹ். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "பாய், இந்த மருந்தை யார் கொடுத்தது?" என்று கேட்டார். சொன்னேன். "இவங்களுக்குச் சின்ன வயசுலேயே பென்சிலின் ஊசி போட்டு மயக்கம் வந்திருக்கு. கேட்டீங்களா?" கேட்கவில்லை. "இது சாதாரண வைரஸ் சளி. இந்த மருந்தே இதுக்குத் தேவையில்லை" என்றார்.

மறுநாள் பார்க்கப் போனபோது அந்தச் சகோதரி, "நீங்க நல்லதுக்குத்தானே அண்ணே கொடுத்தீங்க" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் பார்த்து, அதனால் தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் அபூதாவூத், நஸயீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. மத்ரஸாவில் ஓதிய காலத்தில் படித்த பாடம். நல்லெண்ணம் இருந்தால் பொறுப்பு நீங்கிவிடும் என்று அதில் இல்லை. அந்தப் பெட்டியை அன்றே எடுத்துவிட்டோம். அதன் பிறகு டாக்டர்களிடமும் மருந்தாளுநர்களிடமும் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை இந்த இதழில் பாடமாகத் தருகிறேன்.

1. எந்த நோய்க்கு இந்த மருந்து?

ஆண்டிபயாடிக் என்பது பாக்டீரியா என்னும் கிருமிகளைக் கொல்லும் அல்லது அவை பெருகாமல் தடுக்கும் மருந்து. அமாக்ஸிசிலின், அசித்ரோமைசின், செஃபிக்ஸிம், சிப்ரோஃப்ளாக்ஸாசின், டாக்ஸிசைக்ளின், மெட்ரோனிடசோல் ஆகியவை நம் ஊரில் அதிகம் புழங்கும் பெயர்கள். டைஃபாய்டு, சிறுநீர்த் தொற்று, பாக்டீரியாவால் வரும் நிமோனியா, சீழ் பிடித்த புண், எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் போன்றவற்றில் இவை உயிர் காப்பவை.

வைரஸ் என்பது வேறு வகைக் கிருமி. அதன் மீது ஆண்டிபயாடிக் வேலை செய்யாது. சாதாரணச் சளி, ஃப்ளூ, டெங்கு, சிக்குன்குனியா, கொரோனா, அம்மை எல்லாம் வைரஸ் நோய்கள். தொண்டை வலியிலும் இருமலிலும் பெரும்பகுதி வைரஸால் வருவதுதான். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிட்டது என்பது மட்டும் ஆண்டிபயாடிக் எடுக்கக் காரணம் ஆகாது.

"போன தடவை மாத்திரை போட்டதும் மூணு நாள்ல சரியாச்சே" என்று பலர் சொல்கிறார்கள். வைரஸ் சளி தானாகவே சில நாட்களில் குறையக்கூடியது. மாத்திரை போடாமல் இருந்திருந்தாலும் பெரும்பாலும் அப்போது சரியாகியிருக்கும்.

நோயைப் பிரித்தறிந்த பிறகே மருந்து என்பது நம் முன்னோர் கற்பித்த முறைதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸி, பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திக் காட்டி ஒரு தனி நூலே எழுதினார். பார்க்க ஒன்றுபோல் தெரியும் இரண்டு நோய்களை ஒன்றென்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் காட்டிய வழி. இன்று அதற்குச் சோதனைச் சாலைகளும் இருக்கின்றன. சிறுநீர்த் தொற்று என்றால் டாக்டர் 'கல்ச்சர்' எடுக்கச் சொல்லலாம். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதை அந்தச் சோதனை சொல்லும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். முதல் மாத்திரை போடுவதற்கு முன்பே சிறுநீரைக் கொடுத்துவிட வேண்டும். மாத்திரை போட்ட பிறகு கொடுத்தால் கிருமி சோதனையில் சிக்காமல் போகலாம்.

2. தேவையில்லாமல் எடுத்தால் என்ன ஆகும்?

"வேலை செய்யாட்டி போகட்டும், கெடுதல் என்ன?" என்று கேட்கலாம். கெடுதல் உண்டு.

நம் குடலிலும் தோலிலும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் நமக்கு உதவியாகவே வாழ்கின்றன. தேவையில்லாத ஆண்டிபயாடிக் அவற்றையும் கொல்கிறது. வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் வருவது அதனால்தான்.

அதைவிடப் பெரிய கெடுதல், மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாவது. சில பாக்டீரியாக்கள் சாதகமான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிந்து பெருகும். அப்படிப் பெருகும் கூட்டத்தில் ஒன்றிரண்டு மருந்தைத் தாங்கும் சக்தியோடு இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட, தாங்கியவை மட்டும் மிஞ்சிப் பெருகுகின்றன. இந்தச் சக்தியை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கொடுக்கவும் முடியும். "என் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்று சொல்கிறோமே, அது தவறு. பழகுவது கிருமி. அந்தக் கிருமி நம்மிடமிருந்து வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் தொற்றும்.

பென்சிலினை 1928ல் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், 1945ல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே இதை எச்சரித்தார். தொண்டை வலிக்காகத் தானே பென்சிலின் வாங்கிக் குறைவாகச் சாப்பிட்ட ஒருவர், மருந்தைத் தாங்கும் கிருமியை வளர்த்து மனைவிக்குத் தொற்ற வைக்கிறார்; மனைவிக்கு நிமோனியா வருகிறது, மருந்து கேட்கவில்லை, இறந்துபோகிறார் என்று ஒரு கற்பனை உதாரணம் சொல்லி, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். மருந்தைக் கண்டுபிடித்தவரே அன்று சொன்னது இன்று நடந்துகொண்டிருக்கிறது. 2019ல் உலகம் முழுவதும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றால் நேரடியாக இறந்தார்கள் என்று 2022ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

நம் நாட்டு டாக்டர்களும் சும்மா இருக்கவில்லை. மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, இதைத் தடுக்கும் வழிகளை 2012ல் 'சென்னைப் பிரகடனம்' என்று வெளியிட்டன.

3. மெடிக்கலில் கவனிக்க வேண்டியது

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நெடுக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் அதை வாங்கவோ விற்கவோ கூடாது. இதை மக்களுக்குப் புரியவைக்க மத்திய அரசு 2016ல் ஒரு விழிப்புணர்வு இயக்கமே நடத்தியது. வீரியம் மிக்க பல ஆண்டிபயாடிக்குகளும் காசநோய் மருந்துகளும் 'ஷெட்யூல் ஹெச்1' என்ற பட்டியலில் உள்ளன. 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த அந்த விதியின்படி, நோயாளி பெயர், டாக்டர் பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சீட்டு கேட்கும் கடைக்காரரிடம் கோபப்படாதீர்கள். அவர் தன் கடமையைச் செய்கிறார்.

அதுபோல, டாக்டரிடமும் "ஆண்டிபயாடிக் எழுதித் தாங்க" என்று வற்புறுத்த வேண்டாம். "இது எனக்குத் தேவையா?" என்று கேளுங்கள். கூடவே இவற்றை நீங்களாகவே சொல்லுங்கள்:

• முன்பு எந்த மருந்துக்காவது அலர்ஜி வந்ததா. என்ன மருந்து, என்ன ஆனது.
• கர்ப்பமா, பாலூட்டுபவரா. சில ஆண்டிபயாடிக்குகள் அந்த நேரத்தில் கூடாது.
• சிறுநீரகம், கல்லீரல், இதயக் கோளாறு, வலிப்பு உண்டா.
• தினமும் சாப்பிடும் மாத்திரைகள் எவை. ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் வார்ஃபரின், சில சர்க்கரை மாத்திரைகள் ஆகியவற்றோடு சில ஆண்டிபயாடிக்குகள் சேரும்போது ரத்தக்கசிவு வரலாம், அல்லது சர்க்கரை திடீரெனக் குறையலாம்.
• நாட்டு மருந்து, கருஞ்சீரகம் போன்றவை எடுத்தால் அதையும்.

அலர்ஜி உள்ள மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதி ஆதார் அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள். அந்தச் சகோதரியிடம் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால், நான் கேட்க மறந்திருந்தாலும் அது சொல்லியிருக்கும்.

4. மருந்தை எடுக்கும் முறை

நேரம்: ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்றால் சுமார் 12 மணி நேர இடைவெளி. ஃபஜ்ருக்குப் பின்னும் மஃரிபுக்குப் பின்னும் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறையச் சரியாக வரும். மூன்று வேளை என்றால் சுமார் 8 மணி நேரம்: ஃபஜ்ருக்குப் பின், லுஹருக்குப் பின், இரவு படுக்கும் முன். பாங்கு சத்தத்தோடு மருந்தை இணைத்துக்கொண்டால் மறதி குறையும். உணவுக்கு முன்னா பின்னா என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

மறந்துவிட்டால்: நினைவு வந்தவுடன் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டு வேளைக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் போடக் கூடாது.

பால், தயிர், சத்து மாத்திரை: டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸாசின் போன்றவற்றை பால், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து ஆகியவற்றோடு சேர்த்து எடுத்தால் மருந்து உடலில் சேராமல் போகும். எத்தனை மணி நேரம் தள்ளி எடுப்பது என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். டாக்ஸிசைக்ளினை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும்.

குழந்தைகளின் சிரப்: பொடியாக வரும் பாட்டிலில், காய்ச்சி ஆறிய தண்ணீரைக் குறியிட்ட கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் குலுக்கிய பிறகே ஊற்றுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம்; பாட்டிலோடு வரும் அளவு மூடியைப் பயன்படுத்துங்கள். கலக்கிய மருந்து சில நாட்களுக்குத்தான் நன்றாக இருக்கும். எத்தனை நாள், எங்கே வைப்பது என்பது லேபிளில் இருக்கும். அண்ணனுக்குக் கொடுத்த மீதியைத் தம்பிக்குக் கொடுக்கக் கூடாது. குழந்தையின் எடையைப் பார்த்து எழுதும் அளவு அது.

5. எத்தனை நாள்?

காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துவதும், 'இன்னும் ரெண்டு நாள் போடலாமே' என்று நீட்டுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். நாட்கணக்கு நோய்க்கு நோய் வேறுபடும். சில சிறுநீர்த் தொற்றுகளுக்குச் சில நாட்களே போதும். குழந்தைகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை அழற்சிக்குப் பென்சிலின் வகை மருந்தை வழக்கமாக 10 நாட்கள் கொடுக்கிறார்கள். அதைச் சரியாக முடிக்காவிட்டால் பின்னாளில் இதய வால்வைப் பாதிக்கும் வாதக் காய்ச்சல் வரும் ஆபத்து உண்டு. காசநோய்க்கு வழக்கமாக 6 மாதம். சீட்டில் எழுதிய நாளை முடிப்பதுதான் நம் வேலை. குறைக்க வேண்டுமா, கூட்ட வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

நம் மக்களில் பலர் பாதியில் நிறுத்துவதற்குக் காரணம் அலட்சியம் அல்ல, பணம். "ரெண்டு நாளைக்கு மட்டும் குடுங்க" என்று கடையில் கேட்பதை நானே பார்த்திருக்கிறேன். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருந்து இலவசம். மக்கள் மருந்தகங்களில் விலை குறைவு. அதற்கும் வழியில்லை என்றால் டிரஸ்டுக்கு வாருங்கள்.

6. எப்போது மருந்தை நிறுத்திவிட்டு ஓட வேண்டும்?

மருந்து எடுத்த பிறகு முகம், உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ, மயக்கம் வந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள். உடம்பெல்லாம் தடிப்பு, தோல் உரிதல், கண் மஞ்சளாதல், ரத்தம் கலந்த அல்லது நிற்காத வயிற்றுப்போக்கு, குதிகால் நரம்பில் திடீர் வலி ஆகியவற்றுக்கும் அடுத்த வேளை போடாமல் அன்றே டாக்டரிடம் செல்லுங்கள். லேசான குமட்டல், லேசான வயிற்றுப்போக்கு என்றால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆண்டிபயாடிக் ஆபத்து என்று பயந்து, தேவைப்படும் நேரத்தில் தள்ளிப் போடுவதும் ஆபத்தே. எலிக்காய்ச்சலும் உண்ணிக் காய்ச்சலும் தாமதமானால் உயிரை எடுக்கும். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், மூச்சுத் திணறல், கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடத்தல் என்றால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தேனும் கருஞ்சீரகமும் நம் மார்க்கத்தில் சிறப்பித்துச் சொல்லப்பட்டவை. துஆ நம் பலம். ஆனால் டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்துவதற்கு இவை காரணம் ஆகா. ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்கும்படிதான் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள்.

7. நோன்பும் கேப்ஸ்யூலும்

ரமளானில் அதிகம் கேட்கப்படும் இரண்டு கேள்விகள்.

நோன்பு வைத்துக்கொண்டு எப்படி மருந்து எடுப்பது? இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே மூன்று வேளை மாத்திரையையும் நெருக்கி எடுப்பதும், பகல் வேளையை விட்டுவிடுவதும் தவறு. "நோன்பு வைக்கிறேன், ஒரு வேளை அல்லது இரண்டு வேளை மருந்து உண்டா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். பல நோய்களுக்கு மாற்று இருக்கும். இல்லையென்றால், நோன்பு வைக்க வேண்டாம் என்று அவர் சொன்னால், அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில் நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்திருக்கும் சலுகையை ஏற்றுக்கொள்ளுங்கள். குணமான பிறகு களா செய்யலாம்.

கேப்ஸ்யூலின் உறை ஹலாலா? பெரும்பாலான உறைகள் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை. இந்தச் சந்தேகத்தால் சிலர் மருந்தையே வீட்டில் போட்டுவிடுகிறார்கள்; சிலர் உறையைப் பிரித்துப் பொடியை மட்டும் விழுங்குகிறார்கள். இரண்டும் வேண்டாம். உறையைப் பிரித்தால் சில மருந்துகளின் வேலை கெட்டுப்போகும். சீட்டு எழுதும்போதே, "இது மாத்திரையாகவோ சிரப்பாகவோ கிடைக்குமா?" என்று கேளுங்கள். மாற்று இல்லாத நிலை என்றால், நிர்ப்பந்த நிலையின் சட்டத்தை உங்கள் ஆலிமிடம் உடனே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

8. நம் டிரஸ்டின் முடிவு

பெட்டி இனி கிடையாது. மீந்த மருந்தைத் தயவுசெய்து யாரும் அலுவலகத்துக்குக் கொண்டு வராதீர்கள். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள். உங்கள் பெயருக்கு, உங்கள் நோய்க்கு, இத்தனை நாளுக்கு என்று எழுதிக் கொடுத்த மருந்து உங்களிடம் இருக்கும் அமானத். அது தர்மம் செய்யும் பொருள் அல்ல. டாக்டர் மருந்தை மாற்றியதால் மீந்துவிட்டால், கழிவறையிலோ வாய்க்காலிலோ கொட்ட வேண்டாம். அட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய தேயிலைத் தூளோடு கலந்து, உறையில் கட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாதபடி குப்பையில் சேருங்கள்.

மருந்து வாங்க முடியாதவர்கள் டாக்டர் சீட்டோடு வாருங்கள். நம் மருத்துவ உதவி நிதியிலிருந்து, சீட்டில் எழுதிய முழு நாட்களுக்கும் வாங்கிக் கொடுப்போம். பாதிக்கு மட்டும் வாங்கிக் கொடுக்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிட்டோம். கொடுக்க நினைக்கும் சகோதரர்கள் மாத்திரையாகக் கொடுக்காமல் அந்த நிதிக்குப் பணமாகக் கொடுங்கள்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

• நம் வீட்டு அலமாரியில் சிவப்புக் கோடு போட்ட மாத்திரை அட்டை ஏதாவது மிச்சம் இருக்கிறதா? ஏன் மீந்தது?
• வீட்டில் யாருக்கு எந்த மருந்து அலர்ஜி என்று எல்லோருக்கும் தெரியுமா?
• கடைசியாக ஆண்டிபயாடிக் எடுத்தது டாக்டர் சொல்லியா, தெரிந்தவர் சொல்லியா?
• சீட்டில் எழுதிய நாளை முடித்தோமா?

அந்தச் சகோதரி இப்போது நலமாக இருக்கிறார். மாத உதவித்தொகை வாங்க வரும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பார். நான் அந்த வாசலைத்தான் பார்ப்பேன், பெட்டி இருந்த இடத்தை.

நோய்க்கு நிவாரணத்தையும் படைத்த அல்லாஹ், அதை முறையாகப் பயன்படுத்தும் அறிவையும் பொறுமையையும் நமக்குத் தருவானாக. நோயுற்ற அனைவருக்கும் முழுமையான ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.